இரு வலைகள்

அறுவடை முடிந்ததும் களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லனைத்தையும் உழவன் ஒரு தன்மையதாகக் கருதுவதில்லை. மணி பருத்து நன்கு முற்றிய கதிர்களைத் தேர்ந்து, தனியே அடித்து, உலர்த்தி, கோட்டை கட்டி வைக்கிறான். அது விதைநெல். எத்துணை வறுமை நேரினும் விதைநெல்லைக் குற்றி உண்ணலாகாது என்பது உழவர் குடியின் உறுதி. மாடு வளர்ப்போரும் இவ்வாறே உடற்கட்டு மிக்க காளையையே பொலிகாளையாக விடுவர். தலைமுறை தலைமுறையாக இங்ஙனம் தேர்ந்தெடுத்து வந்ததன் பயனே இன்று வயலில் விளையும் நெல்வகைகளும் தொழுவில் நிற்கும் மாட்டினங்களும் ஆகும். சார்லஸ் டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலின் முதல் இயலை, மனிதர் வளர்க்கும் புறா முதலிய உயிர்களைப் பற்றிய செய்திகளால் நிரப்பினார். மனிதன் தேர்வதால் உயிரினம் மாறுமாயின், இயற்கையின் தேர்வாலும் அது மாறும் என்பது அவர் காட்டிய நெறி.

வயலில் இவ்வளவு கருத்தோடு நடந்துகொள்ளும் மனிதன் கடலில் செய்வது யாது? அங்கே அவன் விதைநெல்லை உண்டு, பதரைத் தூவி வருகிறான். வலையின் இயல்பே அதற்குக் காரணம். ஒவ்வொரு வலைக்கும் கண்ணின் அளவு என்று ஒன்று உண்டு. அக்கண்ணினும் பருத்த மீன் அகப்படும். சிறுத்த மீன் நழுவி ஓடிவிடும். சந்தையில் விலைபோவதும் பெரிய மீனே. குஞ்சுகளைக் காக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் பல நாடுகள், குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த மீனைப் பிடித்தலாகாது என்று சட்டமும் செய்தன. சட்டமும் சந்தையும் வலையும் ஒருங்கே ஒரு பக்கம் சாய்ந்தன. பெரியவை கரையேறின, சிறியவை நீரில் தங்கி இனம் பெருக்கின.

இதனால் மீனினம் எவ்வாறு மாறும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே இனத்தில் இருவகை மீன்கள் உள்ளன என்று கொள்வோம். ஒருவகை ஏழு ஆண்டுகள் பொறுத்திருந்து, உடல் பருத்தபின் முட்டையிடும். மற்றொரு வகை நான்காம் ஆண்டிலேயே, உடல் சிறுத்திருக்கும்போதே முட்டையிடத் தொடங்கிவிடும். வலை புகாத கடலில் முன்னதற்கே மேன்மை மிகுதி; பெரிய மீனை விழுங்க வல்ல பகை குறைவு, அது இடும் முட்டையோ மிகப் பல. ஆனால், ஐந்து வயதை எட்டும் அளவில் மீன்களுட் பெரும்பாலானவற்றை வலை வாரிச் சென்றுவிடுமாயின், பொறுத்திருந்த மீன் ஒரு முட்டையும் இடாமலே மடிகிறது. விரைந்து முட்டையிட்ட மீனோ தன் இயல்பைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டே மடிகிறது. இவ்வியல்பு மரபாக வருவது. ஆதலின் அடுத்த தலைமுறையில் விரைந்து பருவமடைவன சற்றே மிகும். அதற்கடுத்த தலைமுறையில் இன்னும் மிகும். எவரும் கருதிச் செய்யாத தேர்வு இது. எனினும் தேர்வே ஆகும்.

வட அமெரிக்காவின் கீழ்க்கரையில் உள்ள நியூபவுண்ட்லாந்துக் கடலில் நிகழ்ந்தவை இதனைத் தெளிவிக்கும். 1497ஆம் ஆண்டில் ஜான் காபட் என்னும் மாலுமி இங்கிலாந்திலிருந்து சென்று அக்கரையை அடைந்தார். கல்லைக் கட்டிக் கூடையை நீரில் இறக்கினாலே மீனை அள்ளலாம் என்று அப்பயணத்தைப் பற்றி அந்நாளில் எழுதப்பட்ட மடல் ஒன்று கூறுகிறது. அங்கு மண்டிக் கிடந்தது காட் என்னும் மீன். நம் நாட்டுக் குழந்தைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து வந்த மீனெண்ணெய் இதன் ஈரலிலிருந்து எடுக்கப்பட்டதே. தூண்டிற் கயிறு கொண்டும் சிறு படகு கொண்டும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் பலர் அங்கே காட் மீனைப் பிடித்து, உப்பிட்டு உலர்த்திக் கொண்டு சென்றனர். அத்தனை காலமும் மீன்வளம் அடியோடு வற்றிவிடவில்லை. 1950களுக்குப் பின்னர், மீனைப் பிடித்தவுடனே கப்பலிலேயே அறுத்து உறையவைக்கும் பெரிய இழுவலைக் கப்பல்கள் வந்தன. 1968ஆம் ஆண்டில் மட்டும் எட்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட காட் மீன் அக்கடலிலிருந்து வாரப்பட்டது. பின்னர் வீழ்ச்சி தொடங்கியது. 1992 சூலை 2ஆம் நாள் கனடா அரசு அக்கடலில் காட் மீன் பிடித்தலுக்குத் தடை விதித்தது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் பிழைப்பை இழந்தனர். பாட்டனும் தந்தையும் செய்த தொழிலன்றி வேறு தொழில் அறியாத கரையூர்கள் பல வெறிச்சோடின. இரண்டாண்டிற்கென்று விதித்த அத்தடை, முப்பதாண்டுகளைக் கடந்தும் நீடித்தது.

மீனின் எண்ணிக்கை குறைந்ததை அனைவரும் கண்டனர். அதற்கு முன்பே மீனின் இயல்பு மாறத் தொடங்கியதைச் சிலரே கருதிப் பார்த்தனர். மரத்தை அறுத்தால் ஆண்டு வளையங்கள் தெரிவதுபோல, மீனின் தலையினுள் இருக்கும் செவிக்கல்லிலும் வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணி வயதை அறியலாம். அவற்றிடையே உள்ள இடைவெளியைக் கொண்டு அது வளர்ந்த வேகத்தையும் அறியலாம். இத்தகைய சான்றுகள் பல ஆண்டுகளாகத் திரட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்தோர் 2004ஆம் ஆண்டில் முடிபுகளை வெளியிட்டனர். முன்னர் ஏறத்தாழ ஆறு வயதில் பருவமடைந்து வந்த மீன், வீழ்ச்சி நேர்ந்த காலத்தில் ஐந்து வயதளவிலேயே பருவமடைந்திருந்தது. எண்ணிக்கை அடியோடு வீழ்வதற்குப் பல ஆண்டுகட்கு முன்னரே இம்மாற்றம் தலைகாட்டியிருந்தது. அதனை அந்நாளில் உரியவாறு படித்தறிந்திருப்பின் அஃது ஓர் எச்சரிக்கையாகப் பயன்பட்டிருக்கும்.

இவ்விடத்து ஒரு தடை எழும். பந்தியில் ஆள் குறைந்தால் இருப்பவர்க்கு உணவு மிகுதியாகக் கிடைக்கும் அன்றோ? அவ்வாறே மீன்கள் குறைந்தபின் எஞ்சியவை நன்கு உண்டு, விரைந்து வளர்ந்து, விரைந்து பருவமடைந்திருக்கலாம். இதில் மரபு மாற்றம் எங்கே வந்தது என்று வினவலாம். வினா பொருத்தமானதே. அதனை விலக்குவதற்கு ஆய்வாளர் ஒரு வழி கண்டனர். ஒரே வயதும் ஒரே நீளமும் உடைய மீன்களை மட்டும் எடுத்து, முற்காலத்தில் அவற்றுள் எத்துணை பருவமடைந்திருந்தன, பிற்காலத்தில் எத்துணை என்று ஒப்பிட்டனர். உணவு மிகுதியால் விரைந்து வளர்ந்ததே காரணம் எனின், அளவும் வயதும் ஒத்தவிடத்து வேறுபாடு பெரிதும் மறைந்துவிட வேண்டும். மறையவில்லை. ஒத்த வயதும் நீளமும் உடையவற்றுள்ளும் பிற்காலத்து மீனே முந்திப் பருவமடைந்தது.

கடலில் நிகழ்வதைத் தொட்டியில் நிகழ்த்திக் காட்டினால் ஐயம் இன்னும் குறையும். அமெரிக்க நாட்டில் டேவிட் கானோவர், ஸ்டீபன் மஞ்ச் என்னும் அறிஞர் இருவர் அதனைச் செய்தனர். சில்வர்சைடு என்பது விரலளவே வளரும் ஒரு கடற்கரை மீன். பக்கத்தில் வெள்ளிக் கோடு ஓடுவதால் இப்பெயர் பெற்றது. ஓராண்டில் ஒரு தலைமுறை முடிந்துவிடும் ஆதலால் ஆய்வுக்கு ஏற்றது. இம்மீன்களை ஆறு கூட்டங்களாகப் பிரித்து வளர்த்தனர். ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்குத் தொண்ணூறு மீன்களை எடுத்துவிட்டு, எஞ்சிய பத்தையே இனம் பெருக்க விட்டனர். இரண்டு கூட்டங்களில் எடுத்தவை பெரியவை. இரண்டில் எடுத்தவை சிறியவை. மற்ற இரண்டில் அளவு பாராமல் எடுத்தனர். நான்கே தலைமுறை சென்றது. 2002ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிபு மீன்வளத் துறையினரைத் திடுக்கிடச் செய்தது. சிறியவற்றை எடுத்துப் பெரியவற்றை விட்ட கூட்டத்தில், மீனின் எடை மற்றதனினும் ஏறத்தாழ இருமடங்காகி இருந்தது. பெரியவற்றையே எடுத்து வந்தவர்க்குத் தொடக்கத்தில் விளைவு மிகுதியாகத்தான் கிடைத்தது. பின்னரோ நிலைமை தலைகீழாயிற்று. பிறகு நுணுகி நோக்கியபோது, பெரியவை எடுக்கப்பட்ட கூட்டத்தில் முட்டைகளும் சிறுத்திருந்தன. குஞ்சுகள் பிழைப்பதும் குறைந்திருந்தது. இரை தேடி வெளிவரும் துணிவும் குன்றியிருந்தது. உடலின் அளவை மட்டும் தேர்ந்ததாக மனிதன் எண்ணினான். அதனோடு பிணைந்த பல இயல்புகளும் உடன் சென்றன.

இதுகாறும் கூறியது மனிதன் வீசும் வலையைப் பற்றி. நீரினுள் இயற்கை விரித்த வலை வேறொன்று உண்டு. மிதவையுயிரைச் சிறு இறால் உண்ணும்; இறாலைச் சிறுமீன் உண்ணும்; சிறுமீனைக் காட் போன்ற பெருமீன் உண்ணும்; காட் மீனைக் கடல்நாய் உண்ணும். இத்தொடர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இதனை உணவு வலை என்பர். தமிழில் இரண்டிற்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலே எனினும் பொருத்தமானது. மீன்பிடி வலையின் ஓரிடத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் பக்கத்துக் கண்களெல்லாம் நெகிழ்வதுபோல, உணவு வலையில் ஓர் உயிர் மாறினால் அதனைச் சார்ந்தவை அனைத்தும் நெகிழ்கின்றன.

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதே உலகியல் என்று நம்மவர் கூறுவர். வலியோர் எளியோரை நலிவதற்கு வடமொழியாளர் மச்ச நியாயம் என்று பெயரிட்டதும் இது பற்றியே. ஆயினும் இந்நியாயம் எந்நாளும் ஒரு திசையிலேயே செல்வதன்று. கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையை ஒட்டிய கடலில் காட் முதலிய பெருமீன்கள் அழிந்தபின், அவற்றுக்கு இரையாகி வந்த சிறுமீன்களும் நண்டும் இறாலும் பெருகின. அச்சிறுமீன்கள் பெரிய மிதவைப் பூச்சிகளை உண்டு குறைத்தன. அதனால் நுண்ணிய மிதவைப் பாசி மிகுந்தது. மேலே தொட்டது அடிவரை சென்று எட்டியது. அதனினும் வியப்பு, பெருகிய சிறுமீன்கள் பெருமீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் விழுங்க வல்லவை என்பது. முன்னர் இரையாய் இருந்தவை இப்போது பகையாயின. நியூபவுண்ட்லாந்திலும் நீர் குளிர்ந்ததும் காட் அழிந்ததும் சேர்ந்து இறாலும் நண்டும் மிகுந்தன. காட் பிடித்தோருட் பலர் நண்டு பிடிப்போர் ஆயினர். காட் மீனின் தலையாய இரையாகிய கேப்லின் என்னும் சிறுமீனோ 1990களின் தொடக்கத்திலேயே பெரிதும் குன்றிவிட்டது. காட் தலையெடுக்காமைக்கு அதுவும் ஒரு காரணம் என்பர்.

உணவு வலையில் ஒரு மீனின் இடத்தை வரையறுப்பது பெரும்பாலும் அதன் உடலளவே. வாய் கொள்ளும் அளவே அது இரை கொள்ளும். தன்னை விழுங்க வல்ல வாய்கள் எத்தனை என்பதும் உடலளவைப் பொறுத்ததே. ஆகவே மீனினம் சிறுத்துவிட்டது எனின், அது உணவு வலையில் வேறோர் இடத்திற்கு நகர்ந்துவிட்டது என்பது பொருள். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கடலைக் கணிப்பொறியில் அமைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. மீன்பிடித்தலுக்கு உள்ளாகும் ஐந்து மீனினங்களின் உடலளவு ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்கு நான்கு பங்கே குறைவதாகக் கொண்டு கணக்கிட்டனர். நான்கு பங்கு என்பது கண்ணுக்குப் புலப்படாத குறைவு. அதனாலேயே சில இனங்களில் பிற மீன்களால் உண்ணப்பட்டு மடிவது நூற்றுக்கு ஐம்பது பங்கு வரை கூடும் என்று கணக்குக் காட்டியது. மீன் விரைந்து சிறுக்கச் சிறுக்கப் பகை பெருகும்; பகை பெருகப் பெருகக் காலம் தாழ்த்தாமல் முட்டையிடுவதே பிழைக்கும் வழியாகும். மனிதன் தொடங்கி வைத்ததை உணவு வலை தொடர்ந்து நடத்துகிறது.

எனினும் இயற்கை எப்போதும் மனிதன் இழுத்த பக்கமே செல்வதில்லை. எதிர்த்து இழுப்பதும் உண்டு. இங்கிலாந்தில் விண்டர்மியர் என்னும் ஏரி ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுடையது. இரண்டாம் உலகப் போரின்போது உணவு முட்டுப்பாடு நேரவே, 1941 முதல் அங்கே பெர்ச் என்னும் மீனைப் பொறிவைத்துப் பிடித்துத் தகரப் பெட்டியில் அடைத்து விற்றனர். பெர்ச்சை உண்டு வாழும் பைக் என்னும் கொன்றுண்ணி மீனை 1944ஆம் ஆண்டுக் குளிர்காலம் முதல் செவுள்வலை கொண்டு பிடிக்கலாயினர். போர் முடிந்த பின்னரும் அறிவியலார் அப்பணியை விடவில்லை. பிடித்த பைக் மீன்களின் நீளத்தை அளந்து, செவுள்மூடி எலும்பின் வளையங்களால் வயதைக் கண்டு, பல்லாண்டுகள் குறித்து வந்தனர். சிலவற்றிற்கு அடையாளம் கட்டி மீண்டும் ஏரியிலே விட்டனர். இத்தகைய பொறுமை மிக்க தொண்டே பிற்காலத்தார்க்குப் பெருஞ்செல்வமாயிற்று.

2007இல் அக்கணக்குகளை ஆராய்ந்தோர் கண்டது ஒரு கயிறிழு போர். செவுள்வலை பெரிய பைக் மீனைப் பிடித்துச் சிறியதை விட்டது. ஏரியின் உணவு வலையோ சிறியதைக் கொன்று பெரியதை விட்டது. ஏனெனில் பைக் தன் இனத்துச் சிறுமீனையும் விழுங்கும் இயல்பினது. ஒரு கயிற்றை மனிதன் ஒரு பக்கமும் மீனே மற்றொரு பக்கமும் பற்றி இழுத்தது போன்ற நிலை. வலைவீச்சு கடுமையாக இருந்த ஆண்டுகளில் மனிதன் வென்றான்; மீனின் வளர்ச்சி தளர்ந்தது. வலைவீச்சு தணிந்தபோது இயற்கையின் கை ஓங்கியது, வளர்ச்சியும் மீண்டது. மீன்பிடித்தலால் வரும் மாற்றத்தைக் கணக்கிடுவோர், வலையை மட்டும் எண்ணி நீரினுள் உள்ள வாய்களை மறந்தால் கணக்குப் பிழைபடும் என்பதற்கு இவ்வேரியினும் தக்க சான்று இல்லை.

மரபணுக்களை நேரே படிக்கும் கலை வளர்ந்தபின் இவ்வாராய்ச்சி புதிய திருப்பம் கொண்டது. 1907இல் நார்வேயிலும் 1940இல் கனடாவிலும் பிடிக்கப்பட்ட காட் மீன்களின் உடற்பகுதிகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றின் மரபணுத் தொகுதியை இக்காலத்து மீனோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. பெரிய மாற்றம் எதுவும் அதில் புலப்படவில்லை. வலையால் மரபே மாறிற்று என்று உறுதியாகக் கூறி வந்தோர் சற்றே தயங்க நேர்ந்தது. ஆனால் 2025இல் பால்டிக் கடலின் கீழைப்பகுதியிலுள்ள காட் மீனைப் பற்றி வந்த ஆய்வு வேறு கூறியது. 1996 முதல் 2019 வரை சேர்த்த செவிக்கற்களைக் கொண்டு அதனைச் செய்தனர். அக்காலத்தில் மீன் வளர்ந்து எட்டக்கூடிய நீளம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. இவ்விரண்டு முடிபுகளும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. உடலளவு ஒரே மரபணுவால் அமைவதன்று. பலநூறு மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு கொள்கின்றன. ஒவ்வொன்றும் அணுவளவு நகர்ந்தாலும் மொத்தத்தில் மீன் சிறுக்கும். அந்நகர்வைக் காண்பது அரிது. மேலும், கடல் தோறும் வலைவீச்சின் கடுமையும் உணவு வலையின் அமைப்பும் ஒத்திருப்பதில்லை.

இனி, இதற்குக் கைக்கொள்ளத்தக்க வழி யாது என்ற வினா எஞ்சுகிறது. பெரிய தாய்மீனின் பெருமையை முதலில் அறிதல் வேண்டும். 30 கிலோகிராம் எடையுள்ள ஒரு காட் மீன் இடும் முட்டைகள், 2 கிலோகிராம் எடையுள்ள 28 மீன்கள் சேர்ந்து இடும் முட்டைகளினும் மிகுதி என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. குஞ்சை மட்டும் காத்துத் தாயை அள்ளும் சட்டம் பாதிச் சட்டமே. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தார் இதனை 1933ஆம் ஆண்டிலேயே உணர்ந்தவர் போலச் செயற்பட்டனர். அங்கே சிங்கி இறால் பிடிப்போர் கையில் ஓர் அளவுகோல் வைத்திருப்பர். அதன் ஒருபக்க அளவினும் சிறியதும் மறுபக்க அளவினும் பெரியதும் மீண்டும் கடலுக்கே செல்லவேண்டும், இடைப்பட்டதே கூடைக்கு. முட்டை தாங்கிய பெண் இறாலின் வாலில் சிறு வெட்டு இட்டு விடுவதும் அவர் வழக்கம். அவ்வடையாளம் உள்ளதைப் பின்னர் எவரும் பிடிப்பதில்லை. மீன் வகை பலவற்றிற்கும் இத்தகைய இருபுற எல்லையை ஆங்காங்கே விதிக்கத் தொடங்கியுள்ளனர். கண்ணின் அளவு ஒன்றையே நம்பி வீசும் இழுவலைக்கு இது எளிதில் பொருந்துவதன்று. தூண்டிலுக்கும் பொறிக்கும் பொருந்தும்.

மாறிய இயல்பு மீளுமா என்பதையும் கானோவரும் உடன் உழைத்தோரும் அச்சிறு மீன்களைக் கொண்டே ஆராய்ந்தனர். பெரியவற்றைத் தேர்ந்து எடுப்பதை நிறுத்திய ஐந்து தலைமுறைக்குப் பின் உடலளவு ஓரளவு மீண்டது. முழுதும் மீளப் பன்னிரண்டு தலைமுறை செல்லும் என்று 2009இல் அவர்கள் கணக்கிட்டனர். கெடுவதற்கு நான்கு தலைமுறை போதும். திருந்துவதற்கு அதன் மும்மடங்கு வேண்டும். சில்வர்சைடு மீனுக்குத் தலைமுறை என்பது ஓராண்டு. நியூபவுண்ட்லாந்துக் கடலில் 2024ஆம் ஆண்டு சூன் மாதம் கனடா அரசு தடையை நீக்கி, அவ்வாண்டிற்கு 18,000 டன் காட் மீன் பிடிக்க இசைவளித்தது. 1992க்கும் 2024க்கும் இடையே கழிந்தவை முப்பத்திரண்டு ஆண்டுகள். ஐந்தாறு வயதில் பருவமடையும் காட் மீனின் கணக்கில் அவை ஐந்தாறு தலைமுறையே ஆகும்.